விளையாடும்போது பல்லு படுது, நாயைக் கட்டியே போட்டுடலாமா டாக்டர்?

கேள்வி: டாக்டர் வணக்கம். நாங்க தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கத்துல ஒரு கிராமம். வீட்டுல எட்டு மாசத்து ஆண் நாய் ஒண்ணு இருக்கு, மணின்னு பேரு, நாட்டு நாயும் சிப்பிப்பாறையும் கலந்ததுன்னு குடுத்தவங்க சொன்னாங்க. தடுப்பூசி எல்லாம் போட்டிருக்கோம். பையன் நாலாவது படிக்கிறான், பொண்ணுக்கு அஞ்சு வயசு. பையன் ஸ்கூல் விட்டு வந்தா மணியோடதான், துண்டை வச்சு இழுக்குறது, குச்சியை வீசுறது, கொல்லையில துரத்தி ஓடுறதுன்னு ஒரே ஆட்டம். போன வாரம் அந்த வேகத்துல பல்லு பட்டு அவன் கையில ரத்தம் வந்துடுச்சு, மஞ்சள் வச்சுவிட்டோம். மாமனார் வயலுக்குக் கிளம்பினா வேட்டியைக் கவ்வி இழுக்குது, பக்கத்து வீட்டுக் கோழியைத் துரத்துது, வாய்க்கால்ல தண்ணி வந்ததுலேருந்து ஓடிப்போய் அதுல குதிக்குது. விளையாட்டு காட்டிக் காட்டியே நாயைக் கெடுத்துட்டீங்க, இனிமே சங்கிலியில கட்டுங்கன்னு வீட்டுக்காரர் சொல்றார். விளையாட்டையே நிறுத்திடணுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நாயைப் பத்தி அப்புறம் பேசுவோம், முதல்ல பையன் கை. ரத்தம் வந்த காயம், ஒரு வாரம் ஆச்சே ஆறிடுச்சேன்னு விட்டுடாதீங்கம்மா, இதைப் படிச்ச கையோட பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ கூட்டிட்டுப் போங்க. வெறிநாய்க்கடி தடுப்பூசி அங்க இலவசம். ஆரம்பிக்கிற அன்னிக்கு ஒண்ணு, அப்புறம் 3, 7, 28வது நாள்ல ஒவ்வொண்ணுன்னு பொதுவா வரச்சொல்லுவாங்க, காயத்தைச் சுத்திப் போடுற இன்னொரு மருந்து வேணுமான்னு அங்க இருக்குற டாக்டர் பாத்து முடிவு பண்ணுவார். நம்ம வீட்டு நாய்தானே, ஊசி போட்ட நாய்தானேன்னு நீங்களா முடிவெடுக்க வேண்டாம், நாயோட ஊசி அட்டையையும் எடுத்துட்டுப் போய்க் காட்டுங்க. கடிச்சதுலேருந்து 10 நாள் நாய் நல்லா இருக்கான்னு கவனிக்கணும்கிறது சரிதான், ஆனா அந்த 10 நாளைப் பாத்துட்டு அப்புறம் ஊசிக்குப் போகலாம்னு காத்திருக்கிறது ரொம்ப தப்பு. ரேபிஸ் வந்துட்டா காப்பாத்த முடியாது, அதனாலதான் இவ்வளவு கண்டிப்பா சொல்றேன். இனிமே எப்ப பல்லு பட்டாலும் நகம் கீறினாலும் சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக்கூடாது.

இப்ப உங்க கேள்விக்கு வரேன். விளையாட்டை நிறுத்தாதீங்க. நீங்க எழுதினதை வச்சுப் பாத்தா மணிகிட்ட முரட்டுத்தனம் எதுவும் எனக்குத் தெரியலை. அதுக்கு விளையாடத் தெரியுது, எங்க நிறுத்தணும்னு தெரியலை, அதை இதுவரைக்கும் யாரும் சொல்லித்தரலை. சொல்லித்தர வேண்டிய இடமும் அந்த விளையாட்டேதான்.

குட்டிங்க எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம்னு முதல்ல கத்துக்கிறது கூடப்பிறந்த குட்டிங்ககிட்ட. ஒண்ணு அழுத்திக் கடிச்சா இன்னொண்ணு வீல்னு கத்திட்டு ஆட்டத்தை விட்டுப் போயிடும், ஓஹோ இவ்வளவு கடிச்சா கூட விளையாட ஆள் இருக்காதுன்னு கடிச்ச குட்டிக்குப் புரியும். ஒரு மாசத்துலயே தாய்கிட்டேருந்து பிரிச்சுக் குடுத்துடறாங்களே, அந்தக் குட்டிங்களுக்கு இந்தப் படிப்பு பாதியில நின்னுபோயிடுது, 8 வாரமாவது தாயோட இருக்கணும்னு நாங்க தலைபாடா அடிச்சுக்கிறது இதுக்குத்தான். இன்னொரு விஷயமும் இருக்கு. 3 மாசத்துல மணி கையைக் கவ்வினப்ப இருந்தது 28 பால் பல்லு, எல்லாரும் சிரிச்சிருப்பீங்க. 4 மாசத்துல விழ ஆரம்பிச்சு 6, 7 மாசத்துக்குள்ள மாறிடும், இப்ப அது வாயில 42 நிரந்தரப் பல்லு இருக்கு, தாடையில பலமும் வந்துடுச்சு, ஆனா அது கவ்வுறது அன்னிக்குப் பழகின அதே பழக்கத்துலதான்.

சங்கிலி இதுக்கு மருந்து கிடையாது. நாள் பூரா கட்டிக்கிடக்குற நாய்க்கு உள்ள தேங்கிக்கிடக்குற வேகமெல்லாம் அவுத்துவிட்ட அந்த அஞ்சு நிமிஷத்துல வெளிய வரும், அப்ப எதிர்ல நிக்கிறது பெரும்பாலும் வீட்டுக் குழந்தை. என்கிட்ட கடிச்சுடுச்சுன்னு கொண்டுவர நாய்ங்கள்ல கட்டியே வளர்த்ததுதான் எனக்கு அதிகம் கண்ணுல படுது. ராத்திரி கேட் திறக்கும்போது, விருந்தாளி வரும்போது கொஞ்ச நேரம் கட்டுறதுல தப்பில்லை, வாழ்க்கையையே அதுல வச்சுடாதீங்க. அடியாத மாடு படியாதுன்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு உண்டு, நாய் விஷயத்துல அதை மறந்துடுங்க, அடிபட்ட நாய் கையைப் பாத்தாலே பயப்படும், பயந்த நாய்தான் நிஜமாவே கடிக்கும்.

இழுக்குற விளையாட்டு நாயை முரடாக்கிடும்னு ரொம்ப நாளா ஒரு பேச்சு இருக்கு, நான் அதை ஒத்துக்க மாட்டேன், முறையோட விளையாடினா நிறுத்தச் சொல்லித்தர அதைவிட நல்ல விளையாட்டு இல்லை. ஆனா துண்டு வேண்டாம். துண்டும் வேட்டியும் நாய்க்கு ஒண்ணுதான், கொல்லையில துண்டை இழுத்தா கைதட்டல், வாசல்ல தாத்தா வேட்டியை இழுத்தா திட்டுன்னா அது என்னத்தைப் புரிஞ்சுக்கும்? பழைய வேட்டியைக் கிழிச்சுப் பின்னிக் குடுக்குறதும் வேண்டாம். மாட்டுக்கு வாங்குற பருத்திக் கயிறு கடையில கிடைக்கும், கட்டைவிரல் கனத்துல ரெண்டு முழம் வாங்கி ரெண்டு முனையிலயும் முடிச்சுப் போட்டுக்குங்க, அந்த நீளம் இருந்தாத்தான் கைக்கும் பல்லுக்கும் நடுவுல இடம் இருக்கும். நைலான் கயிறு ஈறை அறுத்துடும், தேங்காநார்க் கயிறு பிரிஞ்சு தொண்டையில குத்தும். ஆட்டம் முடிஞ்சதும் கயிறை உயரமா ஒரு ஆணியில மாட்டிடணும். நாய்கிட்டயே விட்டுட்டா நூல் நூலாப் பிரிச்சு முழுங்கும், நீளமா ஒரு நூல் உள்ள போய் மாட்டிக்கிட்டா குடலைச் சுருட்டி இழுத்து அறுத்துடும், ஆபரேஷன் வரைக்கும் போற சமாச்சாரம் அது.

சொல்லித்தர்ற விதத்தைக் கொஞ்சம் விலாவாரியா சொல்றேன், ஏன்னா இங்கதான் நிறைய பேர் அவசரப்படுறாங்க. முதல்ல பெரியவங்க யாராவது பண்ணுங்க, பையன் அப்புறம். வெயில் தாழ்ந்ததும் வேகவச்ச கோழிக்கறியைச் சுண்டைக்காய் அளவுல பத்துப் பன்னெண்டு துண்டு கையில வச்சுக்குங்க, எலும்பு, உப்பு, காரம், வெங்காயம் எதுவும் இல்லாம. கயிறைத் தரையோட தரையா ஆட்டி "எடு"ன்னு சொல்லுங்க. கவ்வினதும் முன்னும் பின்னுமா மெதுவா இழுங்க, மேல தூக்கித் தொங்கவிடுறது, கழுத்தை வெட்டி வெட்டி ஆட்டுறது கூடாது. மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. பத்து வந்ததும் கையைத் தொடையோட ஒட்டிவச்சு அப்படியே அசையாம நிறுத்துங்க, இழுக்காதீங்க, நீங்க இழுத்தா அதுவும் இழுக்கும், கயிறு சும்மா கிடந்தா அதுக்குச் சுவாரசியம் போயிடும். இப்ப சாதாரண குரல்ல "விடு", மூக்குகிட்ட ஒரு கோழித்துண்டு. வாயைத் திறந்து கயிறை விட்ட நொடியில அதைக் குடுங்க, குடுத்துட்டு அது முழுங்கி நிமிர்றதுக்குள்ள "எடு"ன்னு கயிறையும் மறுபடி குடுத்துடுங்க. இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லாரும் விட்டுடறாங்க. விட்டா பிடுங்கிடுவாங்கன்னு நினைக்கிற நாய் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், விட்டாலும் ஆட்டம் தொடரும்னு தெரிஞ்ச நாய் சந்தோஷமா விடும். நாலஞ்சு நாள் இப்படி ஓடினா கோழித்துண்டு மூக்குகிட்ட வர்றதுக்கு முன்னாடியே "விடு"ன்னதும் வாய் திறக்குறதைப் பாப்பீங்க, அதுக்கப்புறம் ரெண்டு தடவைக்கு ஒரு துண்டு போதும்.

ஆட்டத்துக்கு நடுவுல பல்லு கையில பட்டுடுச்சா, லேசா பட்டாக்கூட ஆட்டம் அங்கயே நிக்கணும். கத்த வேண்டாம், மூக்குல அடிக்க வேண்டாம், கயிறை முதுகுக்குப் பின்னாடி மறைச்சுக்கிட்டு முகத்தைத் திருப்பிக்குங்க, அரை நிமிஷம் கழிச்சு அது கொஞ்சம் அடங்கினதும் திரும்ப ஆரம்பிங்க. ரெண்டாவது தடவையும் பட்டா அன்னிக்கு அவ்வளவுதான். வீட்டுல இருக்குற அத்தனை பேரும் இதே மாதிரி நடந்துக்கணும், நீங்க நிறுத்தி வீட்டுக்காரர் கையைக் குடுத்துக் கடிக்கவிட்டு விளையாடினார்னா நாய்க்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

பசங்களுக்கு வேற மாதிரி. துரத்திப் பிடிக்கிற ஆட்டம் இப்போதைக்கு அடியோட வேண்டாம், உங்க மணியில சிப்பிப்பாறை ரத்தம் இருந்தா அது ஓடுறதைக் கண்ணால பாத்துத் துரத்துறதுக்குன்னே வளர்த்த இனம், கத்திக்கிட்டு ஓடுற குழந்தையைப் பாத்தா அதுக்கு வேகம் ஏறாம இருக்காது. அதுக்குப் பதிலா பசங்க ஸ்டேச்சு விளையாடுவாங்கள்ல, அதையே நாயோட விளையாடச் சொல்லுங்க. மணி மேல பாயுதுன்னா "ஸ்டேச்சு", ரெண்டு கையையும் மார்போட கட்டிக்கிட்டு தரையைப் பாத்து அசையாம நிக்கணும். கைய உதறுறது, ஓடுறது, கத்துறது எல்லாம் நாய்க்கு "வா, இன்னும்"னு சொல்ற மாதிரிதான் கேக்கும். நாய் இல்லாதப்ப பசங்களுக்கு நல்லா ஒத்திகை பாத்துட்டு அப்புறம் நாயோட விடுங்க. அஞ்சு வயசுப் பொண்ணு மணியோட தனியா ஒரு நிமிஷம்கூட இருக்கக்கூடாது, மணி எவ்வளவு நல்ல பிள்ளையா இருந்தாலும் சரி. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் பசங்க அதைத் தொடவே கூடாது.

மாமனாருக்கு ஒரு சுலபமான வழி இருக்கு. கிளம்பும்போது கைப்பிடி சாப்பாட்டை வாசல் ஓரமா தரையில சிதறிவிட்டுட்டு அவர் பாட்டுக்குப் போகட்டும், மணி மோந்து பொறுக்கி முடிக்கிறதுக்குள்ள அவர் தெருமுனை தாண்டிடுவார். வேட்டியைக் கவ்விடுச்சுன்னா இழுத்துப் பிடுங்காம நின்னுடணும், வீட்டுல யாராவது கயிறைக் காட்டி "விடு" சொல்லி வாங்கிக்குங்க. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டா இன்னும் நல்லது, ஆடுற துணிதான் அதைக் கூப்பிடுது.

உங்க பையன் வீசுற குச்சியை இன்னிக்கோட நிறுத்திடுங்க. ஓடிப்போய் கவ்வும்போது தரையில குத்திட்டு நிக்கிற குச்சி அண்ணத்துலயும் தொண்டையிலயும் இறங்குறது நடக்கக்கூடாத ஒண்ணு, ஆனா நடக்குது. கல்லு வீசவே கூடாது, பல்லு உடையும், முழுங்கினா குடல் அடைக்கும். கிரிக்கெட் பந்தும் பல்லை விரிசல் விடும். இந்த சீசன்ல மாங்கொட்டை ரொம்ப மோசம், நார் சுத்தின கொட்டை வழுக்கிக்கிட்டு உள்ள போய் குடல்ல அப்படியே மாட்டிக்கும், சாப்பிட்டதெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டு ரெண்டு நாள் கழிச்சு தூக்கிட்டு வருவாங்க. பனங்கொட்டை, தேங்கா மட்டை, கோழி எலும்பு எதுவும் விளையாட்டுச் சாமான் கிடையாது. வாய்க்குள்ள முழுசா போகாத அளவுல, நகத்தால அழுத்தினா கொஞ்சம் அமுங்குற கெட்டி ரப்பர் பந்து ஒண்ணு வாங்குங்க. ஒண்ணுக்கு ரெண்டா வாங்கினீங்கன்னா ஒண்ணைக் கொண்டுவந்து போட்டாத்தான் இன்னொண்ணு பறக்கும்னு அதுவே கத்துக்கும். தாழ்வா உருட்டிவிடுங்க, அந்தரத்துல எகிறிப் பிடிக்க வைக்காதீங்க, எட்டு மாசத்துல எலும்பு இன்னும் வளர்ந்துக்கிட்டுதான் இருக்கு. டைல்ஸ் போட்ட கூடத்துல ஓட்டமே வேண்டாம், கால் சறுக்கி மூட்டு போயிடும், மண்ணுல விளையாடட்டும்.

ஓடுறது மட்டும்தான் விளையாட்டுன்னு நினைச்சுடாதீங்க, மூக்குக்கு வேலை குடுத்தா நாய் சீக்கிரம் களைச்சுப்போகும், மனசும் அடங்கும். மூணு கொட்டாங்கச்சியைக் கவுத்துவச்சு ஒண்ணுக்கு அடியில மட்டும் கோழித்துண்டையோ கேரட் துண்டையோ வச்சு "தேடு"ன்னு விடுங்க, உங்க பொண்ணு உங்க பக்கத்துல உக்காந்துக்கிட்டு கவுத்துவைக்கலாம், அவளுக்கும் இது பாதுகாப்பான ஆட்டம். முடிஞ்சதும் கொட்டாங்கச்சியை எடுத்து வச்சுடுங்க, கடிச்சு உடைச்சா துண்டு கூரா இருக்கும்.

கோழி விஷயத்துல நான் ஒளிக்காம சொல்லிடறேன், இது பழக்கத்தைவிட பிறவிக் குணம், முழுசா போகும்னு வாக்கு குடுக்க மாட்டேன். ஆனா ஒவ்வொரு தடவை துரத்தும்போதும் அது இன்னும் ருசி கண்டுக்கும், அதனால துரத்தவே வாய்ப்பு குடுக்கக்கூடாது. கோழி திரியுற நேரத்துல மார்புப் பட்டையில 15, 20 அடிக் கயிறு கட்டியே வெளிய விடுங்க. "வா"ன்னு கூப்பிட்டா வரப் பழக்குங்க, வந்தா நல்ல தீனி. ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, கோழியைத் துரத்திட்டு வந்த நாயைக் கூப்பிட்டு அடிச்சீங்கன்னா அடுத்த தடவை கூப்பிட்டா வராது.

தெரு நாய்ங்களோட விளையாடும்போது உறுமல் கேட்டு பயப்பட வேண்டாம், உறுமல் ஆட்டத்துலயும் உண்டு. முன்னங்காலை நீட்டி நெஞ்சைத் தாழ்த்தி பின்பக்கத்தை மேல தூக்கிக் கூப்பிடுதா, உடம்பு தளதளன்னு இருக்கா, ஒரு தடவை இது மேல, ஒரு தடவை அது மேலன்னு மாறிமாறி வருதா, நடுநடுவுல நின்னு மூச்சு வாங்குதா, அப்ப அது விளையாட்டு. உடம்பு விறைச்சு, வாய் மூடி, கண்ணு இமைக்காம முறைச்சு, வால் விறைப்பா மேல நின்னா உடனே பிரிச்சுடுங்க, நடுவுல கையை மட்டும் விடாதீங்க, தண்ணி ஊத்துங்க இல்ல சத்தமா தட்டை தட்டுங்க. சந்தேகம்னா மணியை மட்டும் ஒரு நிமிஷம் பிடிச்சு நிறுத்துங்க. மத்த நாய் திரும்ப அதுகிட்டயே ஆட வந்தா ரெண்டுக்கும் சம்மதம், விட்டதுடா சாமின்னு ஓடினா மணி ஓவரா போயிருக்கு.

இப்ப நம்ம டெல்டாவுக்குன்னே இருக்குற ரெண்டு ஆபத்து. ஒண்ணு வெயில், அதைவிட புழுக்கம். நாய்க்கு நம்மள மாதிரி உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கைத் தொங்கவிட்டு இளைச்சு, அந்த ஈரம் காயுறதுலதான் உடம்பு சூடு இறங்கும், காத்துலயே ஈரம் நிறைஞ்ச நம்ம ஊர்ல அந்த ஈரம் காயாது. அதனால காலையில ஏழு மணிக்குள்ள, சாயந்திரம் ஆறுக்கு மேல, ஒரு தடவைக்கு 10, 15 நிமிஷம் போதும். சாப்பிட்ட உடனே ஓடவிடாதீங்க, ஒரு மணி நேரமாவது போகட்டும், மார்பு ஆழமா இருக்குற நாய்ங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கிற ஆபத்து இருக்கு. ஆட்டத்துல நாக்கு அகலமா வெளிய தள்ளி, எச்சில் கெட்டியா ஒழுகி, ஈறு செக்கச்செவேல்னு ஆகி, நடை தள்ளாடினா அது களைப்பு இல்லை, சூடு தாக்கினது. நிழலுக்குத் தூக்கிட்டுப் போய் சாதாரண பச்சைத் தண்ணியை உடம்பு பூரா ஊத்தி ஃபேன் போடுங்க, சூட்டைக் குறைக்க ஆரம்பிச்சுட்டு அப்புறம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

இன்னொண்ணு தண்ணி. மேட்டூர் திறந்து குடமுருட்டி வழியா கிளை வாய்க்காலுக்குத் தண்ணி வந்ததும் நாய்க்கும் பசங்களுக்கும் ஒரே கொண்டாட்டம்தான், எனக்கும் பாக்க சந்தோஷமா இருக்கும், ஆனா முதல் தண்ணி பாட்டில் ஓடு, முள்ளு, செத்த எலின்னு அவ்வளவையும் அடிச்சுக்கிட்டு வரும். நாய் நீந்தும், அதுல சந்தேகமில்லை, ஆனா சிமெண்ட் கரை கட்டின வாய்க்கால்ல ஏற முடியாம சறுக்கிச் சறுக்கி களைச்சு மூழ்கிடும், மதகு பக்கத்துல இழுப்பு இன்னும் மோசம். மண் கரை சரிவா இருக்குற இடத்துல, முழங்கால் அளவுத் தண்ணியில, நீளக் கயிறோட மட்டும் இறங்கட்டும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசி, காதைத் துடைச்சு, கால்விரல் இடுக்கைப் பாருங்க. வயக்காட்டு எலி மூத்திரம் கலந்த தண்ணியிலேருந்து எலிக்காய்ச்சல்னு சொல்ற லெப்டோ நாய்க்கு வரும், நாய்கிட்டேருந்து மனுஷங்களுக்கும் வரும். தடுப்பூசி எல்லாம் போட்டாச்சுன்னு எழுதியிருக்கீங்க, எதுக்கும் அட்டையை உங்க டாக்டர்கிட்ட காட்டி லெப்டோ சேர்ந்த ஊசியான்னு கேட்டுக்குங்க, எல்லா ஊசியிலயும் அது இருக்காது, வருஷா வருஷம் போடவும் வேணும். மருந்தடிச்ச வயல்லயும் எலிக்கு இரை வச்ச வரப்புலயும் அவுத்துவிடவே கூடாது, மருந்து தின்ன எலியைக் கவ்வினாலும் ஆபத்துதான். வைக்கோல் போர் பக்கம் பொழுது சாஞ்சு பந்து உருட்டாதீங்க, கண்ணாடி விரியன் இருக்குற இடம். மூஞ்சி திடீர்னு வீங்கினா கட்டுப் போடுறது, கீறிவிடுறது, பச்சிலை எதுவும் வேண்டாம், நடக்கவிடாம தூக்கிட்டு வண்டியேறுங்க.

ஒரு மாசம் இப்படிப் பண்ணிப் பாருங்க. "விடு" சொல்லும்போது கயிறு மேல படுத்துக்கிட்டு விறைச்சு முறைக்குது, கிட்டப்போனா பல்லைக் காட்டுதுன்னா அது விளையாட்டு எல்லையைத் தாண்டினது, பசங்களைத் தள்ளிவச்சுட்டு நேர்ல காட்டுங்க, உங்களுக்கு ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி எட்டுற தூரம்தான். அதே மாதிரி நல்லா ஆடிக்கிட்டிருந்த நாய் திடீர்னு கயிறைக் காட்டினாலும் எழுந்து வரலை, படுத்தே கிடக்குது, சாப்பாட்டை மோந்துட்டு விட்டுடுதுன்னா, அப்பாடா இப்பதான் அடங்கியிருக்குன்னு நினைச்சுடாதீங்க. காது மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில, விரல் இடுக்கு இங்கெல்லாம் உண்ணி இருக்கான்னு தடவிப் பாருங்க, உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கான்னு பாருங்க. நம்ம பக்கம் உண்ணிக் காய்ச்சல் ரொம்ப சாதாரணம், ரத்தப் பரிசோதனை பண்ணினா தெரிஞ்சுடும், சீக்கிரம் பிடிச்சா மாத்திரையிலயே பெரும்பாலும் சரியாயிடும். காய்ச்சல்தானேன்னு வீட்டுல இருக்குற பாராசிட்டமாலையோ வலி மாத்திரையையோ பாதியா உடைச்சு மட்டும் குடுத்துடாதீங்க, நாய்க்கு அது ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்துடும்.